கொழும்பில் உங்கள் வாக்கு: இடாப்பில் பெயர் ஏறுவது முதல் புள்ளடி இடுவது வரை

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டிய என் அம்மப்பா 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தார். அதற்கடுத்த வாக்கை அவர் அளித்தது 1977 இல். இடையில் முப்பது ஆண்டுகள் போயின. அந்த முப்பது ஆண்டுகளும் அவர் அதே லயத்தில்தான் இருந்தார், அதே மலையில்தான் வேலை செய்தார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில் வந்த திருத்தமும் சேர்ந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டன. 1947 இல் மலையகத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 இல் அந்த மக்களுக்கென்று ஓர் ஆசனமும் இல்லை.

இந்தக் கதையோடு தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்புக்குப் புதிதாக வந்து சேரும் பலர் வாக்குரிமை என்றால் தேர்தல் நாளில் வரிசையில் நிற்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் யார் நிற்கலாம் என்பது பல மாதங்களுக்கு முன்பே, கிராம உத்தியோகத்தரின் மேசையில் இருக்கும் ஒரு பட்டியலில் முடிவாகிவிடுகிறது. அம்மப்பாவின் பெயரைச் சட்டம் எடுத்தது. இன்று கொழும்பில் வாடகை வீடுகளிலும் கடை மாடிகளிலும் விடுதி அறைகளிலும் இருக்கும் நம் ஆட்களின் பெயர் விடுபடுவது பெரும்பாலும் கவனக்குறைவாலும் தயக்கத்தாலும்தான். இரண்டிலும் விளைவு ஒன்றே. ஆகையால் இந்த வழிகாட்டியில் பதிவைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

யாருக்கு வாக்கு உண்டு

இலங்கைப் பிரஜையாக, பதினெட்டு வயது நிறைந்தவராக, வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். சொத்து, படிப்பு, மதம், மொழி, ஆண், பெண் என்று வேறு எந்தக் கணக்கும் கிடையாது. அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை மக்களின் இறைமைக்குள் வாக்குரிமையையும் சேர்த்தே சொல்கிறது. 93 ஆம் உறுப்புரை வாக்களிப்பு சுதந்திரமானதாகவும் சமமானதாகவும் இரகசியமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1920களில் இந்த நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்குத்தான் வாக்கு இருந்தது. படித்த, வசதி படைத்த ஆண்களின் வாக்கு அது. 1927 இல், அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்து சாட்சியம் கேட்டபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வாவும் தோழியரும் ஆணைக்குழுவின் முன் போய் நின்றார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அன்றைய பெரிய மனிதர்கள் பலர், நம்முடைய சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட, சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்கள். ஆனாலும் 1931 இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் அது வந்தது. ஆசியாவில் அதுவே முதல். அடுத்த ஆண்டே கொழும்பு வடக்குத் தொகுதி மக்கள் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணை அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். இன்று கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ குடியேறும் ஒரு தங்கை இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. வயது 18 ஆகக் குறைந்தது 1959 இல்.

முதற்படி: எந்த முகவரி உங்களுடையது?

ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதிவு செய்யலாம். எனவே ஊரா, கொழும்பா என்று தீர்மானிக்க வேண்டும். சட்டம் கேட்பது நீங்கள் வழமையாக வதியும் இடத்தை. காணி உறுதியை அது கேட்பதில்லை.

என் அபிப்பிராயம் இது: பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவராக, குடும்பத்தோடு இங்கே இருப்பவராக, பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தவராக இருந்தால் கொழும்பில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவின் வடிகாலும் குப்பையும் மாநகர சபையின் கையில் இருக்க, உங்கள் வாக்கு ஹட்டனில் இருப்பதால் உங்களுக்கு என்ன பயன்? படிக்க வந்தவர்கள், ஆறு மாதம் ஒரு கடை, ஆறு மாதம் இன்னொரு கடை என்று மாறுகிறவர்கள், அறையில் தங்கி மாதாமாதம் வீட்டுக்குப் போகிறவர்கள் ஊர்ப் பதிவையே வைத்திருப்பது நல்லது. ஆனால் அப்படி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஊரில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்க் கிராம உத்தியோகத்தர், பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டுப் பெயரை நீக்கப் பரிந்துரைத்திருக்கலாம். கொழும்பிலும் பதியாமல் ஊரிலும் நீங்கிப் போன பிள்ளைகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அதுவே மிக மோசமான நிலை.

இரண்டாம் படி: கிராம உத்தியோகத்தரைப் பார்ப்பது

வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் மீளாய்வு செய்யப்படுகிறது. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம் இதற்கு அடிப்படை. இப்போது தகுதித் திகதி பெப்ரவரி 1. அன்றைய நிலவரப்படி யார் எங்கே வதிகிறார் என்பதே கணக்கு. அதன் பின்னர் ஆண்டுக்குள் 18 வயது நிறைகிறவர்களுக்காகத் துணை இடாப்புகள் தயாரிக்கும் ஏற்பாடு 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. வீட்டில் பதினெட்டை எட்டும் பிள்ளை இருந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காதீர்கள்.

முன்பெல்லாம் வீடு வீடாகப் பிசி என்ற வாக்காளர் பதிவுப் படிவம் வரும். நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும். இப்போது எல்லா வீட்டுக்கும் படிவம் வரும் என்று நம்பி இருக்க முடியாது. பல பிரிவுகளில் பழைய பட்டியலை வைத்துச் சரிபார்த்து, மாற்றம் உள்ள வீடுகளை மட்டும் கவனிக்கிறார்கள். வெள்ளவத்தையின் மாடி வீடுகளில் கிராம உத்தியோகத்தர் கீழ்வாசலில் காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போவதும் உண்டு. காவலாளிக்கு ஐந்தாம் மாடியில் புதிதாக வந்த குடும்பத்தின் பெயர் தெரியுமா? ஆகவே நீங்களே தேடிப் போக வேண்டும்.

முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எது என்று அறியுங்கள். அயலவரின் வாக்காளர் அட்டையில் இருக்கும். பிரதேச செயலகத்திலும் சொல்வார்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. கிராம உத்தியோகத்தர் எந்தெந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதைக் கதவிலோ அறிவித்தல் பலகையிலோ எழுதியிருப்பார்கள். மற்ற நாட்களில் அவர் வெளிக்களப் பணியில் இருப்பார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதுவும், மின் அல்லது நீர்க் கட்டணச் சீட்டும், முந்தைய முகவரியில் பதிவு இருந்த விவரமும் கொண்டு போங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்டமும் கிராம உத்தியோகத்தர் பிரிவும் தெரிந்தால் அங்கே நீக்கி இங்கே சேர்ப்பது இலகு.

மொழி பற்றித் தயங்க வேண்டாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது, கொழும்பிலும்தான். அதே சமயம், சிங்களம் தெரிந்த அயலவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது வேலையை விரைவாக்கும். உரிமையையும் விடாதீர்கள், நல்ல அயலவரையும் விடாதீர்கள். பெயரை எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வரும்போது ஞானசேகரம் வேறு ஆளாகிவிடுவார். தந்தை பெயர் முதலெழுத்தாகவும் சொந்தப் பெயர் முழுமையாகவும் எழுதும் நம் வழக்கம் எல்லோருக்கும் பழகியதல்ல. அடையாள அட்டையில் உள்ளபடியே இடாப்பிலும் இருக்க வேண்டும், அடையாள அட்டை இலக்கமும் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மறுத்தால்

இதைத் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது. கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் இடாப்பில் ஏறாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் கண்டதில்லை.

நாங்கள் முதன்முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டின் உரிமையாளர், எல்லா வகையிலும் நல்ல மனிதர், பதிவு என்றதும் முகம் மாறிவிட்டார். பதிந்தால் பிறகு வீட்டை விட்டுப் போகமாட்டீர்கள் என்றார். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தோம். அதற்குள் ஒரு தேர்தல் வந்து போனது. ஊரில் எங்கள் பெயர்கள் ஏற்கனவே நீக்கப்பட்டிருந்தன. அம்மா அன்று காலையில் குளித்து, சேலை உடுத்தி, அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாக்களிப்பு நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். தன் தகப்பனுக்கு முப்பது ஆண்டுகள் வாக்கு இல்லாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அன்று வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்வதால் வீட்டின் மீது எந்த உரிமையும் உண்டாவதில்லை. வாடகைக்காரரின் உரிமைகளை வாடகைச் சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. இதை உரிமையாளரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே, பதிவைப் பற்றிப் பேசிவிடுவது மிகச் சிறந்தது. அதற்குப் பிறகும் மறுத்தால் நீங்கள் அங்கே வதிகிறீர்கள் என்பதற்கான ஆதாரங்களுடன் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். அவரும் தட்டிக் கழித்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் உதவித் தேர்தல்கள் ஆணையாளருக்கு எழுதுங்கள், பிரதியொன்றை ராஜகிரிய சரண மாவத்தையில் உள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு காரணமும் சேர்த்துச் சொல்கிறேன், பெற்றோருக்கு இது உடனே விளங்கும். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பின் பிரதிகளைக் கேட்கிறார்கள். ஓர் ஆண்டின் பிரதி மட்டும் போதாது, முந்தைய ஆண்டுகளின் தொடர்ச்சிக்கும் புள்ளி உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஓடித் திரிவதில் பயனில்லை.

மூன்றாம் படி: பட்டியலைப் போய்ப் பார்ப்பது

மீளாய்வு முடிந்ததும், நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் பொது மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கிராம உத்தியோகத்தர் அலுவலகம், பிரதேச செயலகம், உள்ளூராட்சி அலுவலகம் ஆகியவற்றில் பார்க்கலாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். பெயர் இல்லாவிட்டால் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம், தகுதியற்ற பெயர் இருந்தால் ஆட்சேபனை தெரிவிக்கலாம். இரண்டுக்கும் விசாரணை உண்டு. அறிவித்தலில் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்தாக வேண்டும்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் ஓடிப்போய்ப் பெயர் சேர்க்க முடியாது. கடைசியாக அத்தாட்சிப்படுத்தப்பட்ட இடாப்பே அந்தத் தேர்தலுக்குரியது.

பதிவு செய்தோரின் எண்ணிக்கை உங்கள் ஒருவரோடு நிற்பதுமில்லை. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றன, 29 தேசியப் பட்டியல். அந்த 196 இல் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என்று பகிரப்படுகின்றன. மேல் மாகாணத்துக்கும் நான்கு, வட மாகாணத்துக்கும் நான்கு. மக்கள் குறைந்த பகுதிகளின் குரல் முற்றாக அமுங்கிவிடாமல் இருக்க இது உதவுகிறது, நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். மீதி 160 ஆசனங்கள் பதிவு செய்த வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் போகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள், 2015 இல் ஏழு, 2024 இல் ஆறு. கொழும்புக்கு 2020 இல் 19, 2024 இல் 18. இடாப்பில் இல்லாத ஒவ்வொருவரும் தன் வாக்கோடு தன் மாவட்டத்தின் ஆசனக் கணக்கிலிருந்தும் விலகி நிற்கிறார்.

நான்காம் படி: தேர்தல் அறிவித்த பிறகு

வாக்காளர் அட்டை தபாலில் வரும். அதில் உங்கள் வாக்களிப்பு நிலையம், இடாப்பிலுள்ள தொடரிலக்கம் எல்லாம் இருக்கும். வராவிட்டால் உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் அடையாளத்தைக் காட்டிக் கேளுங்கள். அட்டை கிடைக்காமலே போனாலும் வாக்குப் போய்விடாது. இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாள ஆவணமும் இருந்தால் வாக்களிக்கலாம்.

அடையாள ஆவணம் இல்லாமல் எதுவும் நடக்காது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கான அடையாள அட்டை ஆகியவை ஏற்கப்படும். பழைய ஒன்பது இலக்க அட்டையும் செல்லும், ஆனால் படமும் எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும். எதுவுமே இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேர்தல் பணிக்கான தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முடிவுத் திகதி உண்டு, தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஊரில் வாக்கு வைத்திருந்து கொழும்பில் வேலை செய்பவர்களுக்கு விடுமுறை பற்றித் தெரிந்திருக்க வேண்டும். புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் வீட்டு வேலைகளிலும் இருக்கும் மலையகப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கவலைப்படுவதுண்டு. வாக்களிக்கப் போக, சம்பளம் வெட்டாமலும் சொந்த விடுமுறையில் கழிக்காமலும் விடுப்புத் தருவது முதலாளியின் கடமை. பாராளுமன்றத் தேர்தல் சட்டம் குறைந்தது நான்கு மணித்தியாலம் என்கிறது. தூரத்துக்கேற்ற அளவைத் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவிக்கிறது: வேலைத்தலத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்கு உட்பட்டிருந்தால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இரண்டு நாள் என்று பொருள். எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயந்தால் கடையில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதமாகக் கொடுங்கள். பஸ், ரயில் ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், தேர்தலுக்கு முதல் நாள் பஸ் நிலையம் பண்டிகைக் காலம்போல நிரம்பி வழியும்.

தபால் மூல வாக்களிப்பு அரச சேவையாளர், பொலிஸார், முப்படையினர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் ஏற்பாடும் கிடையாது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் நம் பெண்களுக்கு இது ஒரு பெரிய அநீதி. அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு வரவேற்கிறது, அவர்களுடைய வாக்குக்கு இன்னும் வழி செய்யவில்லை.

ஐந்தாம் படி: வாக்களிப்பு நிலையத்துக்குள்

2024 இல் வாக்களிப்பு காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிந்தது. காலையிலேயே போங்கள். கட்சிச் சின்னம் பொறித்த உடை, துண்டுப் பிரசுரம் எதுவும் வேண்டாம். கைத்தொலைபேசியை உள்ளே பயன்படுத்தக் கூடாது, வாக்குச்சீட்டைப் படம் எடுப்பது குற்றம்.

உள்ளே போனதும் உங்கள் அடையாளத்தைப் பார்த்து, பெயரையும் தொடரிலக்கத்தையும் உரத்து வாசிப்பார்கள். கட்சி முகவர்கள் கேட்பதற்காக அப்படி வாசிக்கிறார்கள், பதற்றப்பட ஒன்றுமில்லை. பெயரைத் தவறாக உச்சரித்தால் நிதானமாகத் திருத்துங்கள். விரலில் மை பூசுவார்கள், மூன்று மொழிகளிலும் அச்சிட்ட வாக்குச்சீட்டைத் தருவார்கள். மறைப்புக்குள் போய் அடையாளமிட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.

எந்தத் தேர்தலுக்கு எப்படி அடையாளமிடுவது என்பதில்தான் வாக்குகள் வீணாகின்றன. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சுமார் மூன்று இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் ஆறு இலட்சத்துக்கும் மேல்.

பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு எதிரே ஒரு புள்ளடி. ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் விரும்பிய மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டுமே இருக்கும். அந்த இலக்கத்தின் மீது புள்ளடி இட வேண்டும். ஆகவே வீட்டிலேயே இலக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களை மட்டும் குறிக்க வேண்டாம், மூன்றுக்கு மேல் விருப்பு வாக்கும் வேண்டாம். மூன்று விருப்பு வாக்குகளையும் பயன்படுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கொழும்பு போன்ற மாவட்டத்தில், ஒரு கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்குகளே தீர்மானிக்கின்றன. சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த வேட்பாளர் ஒருவர் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் அந்தச் சிறிய கட்டங்களில் இருக்கிறது. மாவட்டத்தில் 5 சதவீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு ஆசனப் பங்கீட்டில் இடமில்லை என்பதையும் முடிவெடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதானால் 1 என்றோ புள்ளடியோ இடலாம். இரண்டாம், மூன்றாம் விருப்பமும் தெரிவிக்க விரும்பினால் 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டும். புள்ளடியையும் இலக்கங்களையும் கலக்க வேண்டாம். யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதலிரு இடங்களில் வந்தவர்களுக்கிடையே மற்றச் சீட்டுகளின் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்படும். 1982 இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாளிலிருந்து ஏட்டில் மட்டும் இருந்த இந்த எண்ணிக்கை 2024 இல்தான் முதன்முறையாக நடந்தது.

உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை. உங்கள் வட்டாரத்தில் போட்டியிடும் கட்சிக்கு அல்லது குழுவுக்கு ஒரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான். 2018 இல் தொடங்கிய கலப்பு முறையில் 60 சதவீத ஆசனங்கள் வட்டாரத்தாலும் 40 சதவீதம் பட்டியலாலும் நிரப்பப்படுகின்றன, பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

எந்தத் தேர்தலானாலும் சீட்டில் பெயர், கையொப்பம், வாசகம் எதையும் எழுதாதீர்கள். தவறுதலாகக் கெடுத்துவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள்.

வழியில் தடை வந்தால்

பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்லலாம். 2011 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. முன்கூட்டியே தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் வாக்களிப்பு நிலையத்தின் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் உதவுவார். இப்போது என் அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. கடந்த தேர்தலில் நான்தான் அவருடைய கை. யாருக்கு என்று காதில் சொன்னார், நான் விரும்பாத சின்னம் அது. அவர் சொன்ன இடத்திலேயே புள்ளடி இட்டேன். உதவிக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: அந்தப் பேனா உங்களுடையதல்ல.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கனவே வாக்களித்துவிட்டார் என்று சொன்னால் வெட்கப்பட்டுத் திரும்பி வராதீர்கள். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் உங்கள் அடையாளத்தைக் காட்டி முறைப்பாடு செய்யுங்கள், அத்தகையவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு வழங்கும் நடைமுறை சட்டத்தில் இருக்கிறது. வெளியே யாராவது மிரட்டினால், பணமோ உலர் உணவுப் பொதியோ கொடுத்து வாக்குக் கேட்டால், மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ தெரிவிக்கலாம். பஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளும் முறைப்பாடுகளை ஏற்கின்றன. இடம், நேரம், வாகன இலக்கம் ஆகியவற்றை உடனே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், மாலையில் நினைவு குழம்பிவிடும்.

2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடக்காமல் போனபோது குடிமக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. மாகாண சபைகளுக்கோ 2014 க்குப் பிறகு தேர்தலே வரவில்லை. அது எப்போது அறிவிக்கப்பட்டாலும் அந்த நேரத்தில் உங்கள் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும். இந்த வாரமே அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒருமுறை பாருங்கள். வீட்டில் இணையம் பழகாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய இலக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள்.